கலைந்த கவனத்தை மீட்டுத் தருவோம்



பிள்ளைகளின் மதிப்பெண் அட்டை வீட்டிற்கு வரும் நாளில் பல இல்லங்களில் ஒரே வாசகம் வாசிக்கப்படுகிறது: 'வகுப்பில் கவனம் இல்லை.' அதைப் படித்ததும் தந்தை கோபம் கொள்கிறார். தாய் கவலை கொள்கிறார். பிள்ளை தலைகுனிந்து நிற்கிறான். "கவனமாக இரு" என்று அவனுக்கு ஆயிரம் முறை சொல்லியாகிவிட்டது. ஆனால் கவனமாக இருப்பது எப்படி என்று அவனுக்கு யாரேனும் கற்றுக் கொடுத்தோமா? அவன் அமர்ந்திருக்கும் இடம் எத்தகையது என்று ஒருமுறையேனும் போய்ப் பார்த்தோமா?

இக்கேள்விகளை உங்கள் முன் வைப்பதற்கு முன்னால், இவற்றை என்னிடமே கேட்டுக்கொள்ள நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தாயின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பின் மக்தப் மதரஸா நடைபெறும். எழுத்துக் கூட்டும் சிறுவர்கள், குர்ஆனைப் பார்த்து ஓதுவோர், சிறிய சூராக்களை மனனம் செய்வோர் என எல்லோரும் ஒரே கூடத்தில் தனித்தனி வட்டங்களாக அமர்ந்திருப்பார்கள். அவர்களில் 9 வயதுச் சிறுவன் ஒருவன் பக்கத்திலிருப்பவனிடம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். அதற்குத் தண்டனையாக அவனைப் பிரித்து, வாசற்கதவின் ஓரத்தில் அமர வைத்தேன். பேச்சு நின்றது. ஆனால் ஓதலும் நின்றுவிட்டது. அவன் கண் எப்போதும் வாசலிலேயே இருக்கும். பாடம் கேட்டால் திணறுவான். பலர் முன்னிலையில் பலமுறை அவனைக் கடிந்துகொண்டேன்.

ஒருநாள் அவனுடைய தாயார் வந்தார். "ஹஜ்ரத், வீட்டில் என்னிடம் தடுமாறாமல் ஓதிக் காட்டுகிறான். இங்கே வந்தால் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். இங்கே அவன் எந்த இடத்தில் உட்காருகிறான்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அந்த இடத்தில் நானே ஒரு கிதாபுடன் போய் அமர்ந்தேன். சுன்னத் தொழுதுவிட்டு வெளியேறுவோர் ஒவ்வொருவராக என்னைக் கடந்து போனார்கள். ஒருவர் ஸலாம் சொன்னார். உளூச் செய்யும் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. செருப்பைத் தேடுவோரின் பேச்சும், தெருவில் வண்டியை உதைத்துக் கிளப்பும் ஓசையும், எதிரே இருந்த தேநீர்க் கடையின் சிரிப்பும் மாறி மாறி வந்தன. ஒரே பக்கத்தை மூன்று முறை முதலிலிருந்து தொடங்கினேன், முடிக்க இயலவில்லை. ஏழாண்டுக் காலம் மதரஸாவில் ஓதிய எனக்கே முடியாத ஒன்றை, 9 வயதுக் குழந்தையிடம் நான் எதிர்பார்த்திருக்கிறேன். அது மட்டுமா? அவனுடைய கவனத்தைச் சிதறடித்த இடத்தை நானே கொடுத்துவிட்டு, சிதறியதற்காக அவனையே கண்டித்திருக்கிறேன்.

அன்றே அவனை அழைத்து, "தம்பி, தவறு என்னுடையது" என்று சொல்லி என் அருகில் அமர்த்தினேன். அவன் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் அவனுடைய கண் மெல்ல மெல்ல ஏட்டுக்குத் திரும்பியது.

ஆடையும் திரையும்

அன்று இரவு, பலமுறை பாடம் நடத்திய ஒரு ஹதீஸ் எனக்குப் புதிதாகத் தெரிந்தது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக இடம்பெறும் செய்தி அது. பெருமானார் (ஸல்) அவர்கள் கோலங்கள் உடைய ஓர் ஆடையை அணிந்து தொழுதார்கள். தொழுகையினிடையே அவர்களின் பார்வை ஒருமுறை அக்கோலங்களின் மீது சென்றது. தொழுது முடித்ததும், அந்த ஆடை தம் கவனத்தை ஈர்த்துவிட்டது என்று கூறி, அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்துவிட்டு, கோலமில்லாத அவருடைய ஆடையை வாங்கி வருமாறு பணித்தார்கள். அதுபோலவே அன்னையவர்களின் வீட்டில் தொங்கிய உருவத் திரையையும், அது தொழுகையில் கண்முன் வந்துகொண்டேயிருக்கிறது என்று கூறி அகற்றச் சொன்னார்கள். இச்செய்தி அனஸ் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியில் உள்ளது.

சிந்தித்துப் பாருங்கள்! உலகத்திலேயே உள்ளச்சத்துடன் தொழுதவர்கள் யார்? அந்த மாமனிதரே, "என் மன உறுதியால் இதைச் சமாளித்துக்கொள்வேன்" என்று விட்டுவிடவில்லை. கவனத்தைக் கலைக்கும் பொருளை முதலில் அப்புறப்படுத்தினார்கள். அப்படியிருக்க, நாம் குழந்தையிடம் மட்டும் மன உறுதியைக் கேட்கிறோம். கலைக்கும் பொருளை அப்படியே விட்டுவைக்கிறோம்.

சுவர்களும் ரயிலும்

இக்காலத்து ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்றில், 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு அறிவியல் பாடங்கள் நடத்தப்பட்டன. சில பாடங்கள் படங்களும் வண்ண அட்டைகளும் நிறைந்த அறையில் நடந்தன; சில பாடங்கள் வெறுஞ்சுவர் அறையில் நடந்தன. அலங்கார அறையில் குழந்தைகள் ஏறத்தாழ 39 சதவீத நேரம் பாடத்தைவிட்டு விலகியிருந்தார்கள். வெறுஞ்சுவர் அறையில் அது 28 சதவீதமாகக் குறைந்தது. பின்னர் கேட்ட கேள்விகளுக்கு, அலங்கார அறைப் பாடங்களில் 42 சதவீதமும், வெறுஞ்சுவர் அறைப் பாடங்களில் 55 சதவீதமும் சரியான விடைகள் வந்தன. குழந்தைகளும் அவர்களே, மாறியது சுவர் மட்டுமே.

இன்னொரு சான்று நியூயார்க் நகரத்தைச் சேர்ந்தது. அங்கே மன்ஹாட்டன் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஒரு பக்கத்தை ஒட்டி உயரப் பாலத்தில் ரயில்கள் ஓடின. சுமார் நாலரை நிமிடத்திற்கு ஒரு ரயில். ஒவ்வொரு முறையும் ஆசிரியர் பாடத்தை நிறுத்த வேண்டியிருந்தது. ஆர்லின் பிரான்சாஃப்ட் என்ற உளவியல் பேராசிரியை தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து 1975-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், ரயில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள், மறுபக்கத்து அமைதியான வகுப்புப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருப்பது தெரியவந்தது. 6-ஆம் வகுப்பை அடையும்போது அந்தப் பின்தங்கல் ஏறத்தாழ ஓராண்டு அளவுக்கு வளர்ந்திருந்தது. பிறகு தண்டவாளத்தில் ரப்பர் மெத்தைகள் பொருத்தப்பட்டன. வகுப்புகளின் கூரையில் ஓசையை உறிஞ்சும் தட்டிகள் அமைக்கப்பட்டன. அதன்பின் மீண்டும் ஆராய்ந்தபோது, 1981-இல் வெளியான முடிவின்படி, இரு பக்கத்துப் பிள்ளைகளிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது.

அந்த ரயில் பக்கத்துப் பிள்ளைகளை எத்தனை பெற்றோர் "மந்தபுத்தி" என்று ஏசியிருப்பார்களோ! குறை பிள்ளையிடம் இல்லை, தண்டவாளத்தில் இருந்தது.

காதுக்குக் கதவு இல்லை

கண்ணுக்கு இமையைக் கொடுத்த அல்லாஹு தஆலா காதுக்கு அப்படியொரு மூடியைக் கொடுக்கவில்லை. உறங்கும்போதும் அது திறந்தே இருக்கிறது. ஆபத்தை உணர்வதற்கு அது அவசியம். ஆகவே நாம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதும், மூளையின் ஒரு பகுதி சுற்றிலும் எழும் ஓசைகளைச் சோதித்துக்கொண்டே இருக்கிறது. கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவே யாரோ நம் பெயரைச் சொன்னால் சட்டெனத் திரும்புகிறோம் அல்லவா? அது இதனால்தான்.

எல்லா ஓசையும் ஒரே அளவில் கெடுப்பதில்லை என்பதையும் பெற்றோர் அறிய வேண்டும். மின்விசிறியின் சீரான ஓசை சற்று நேரத்தில் பழகிவிடும். பொருள் விளங்கும் பேச்சு அப்படிப் பழகுவதில்லை. மெல்லிய கிசுகிசுப்பாக இருந்தாலும் மனம் அதைப் பின்தொடரும். மனதில் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளக்கூடிய செய்திகள் மிகச் சிலவே. அந்தச் சிறிய இடத்தில் பக்கத்திலிருப்பவனின் பேச்சு வந்து அமர்ந்தால், கணக்கின் ஒரு படி வெளியேறிவிடும். எனவே தொலைக்காட்சித் தொடர் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில், "நீ உன் பாட்டுக்குப் படி" என்று சொல்வது நியாயமாகாது.

"அப்படியானால் ஹிஃப்ளு மதரஸாவில் முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சத்தமாக ஓதுகிறார்களே, அவர்களுக்கு எப்படி மனனமாகிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே ஒவ்வொரு பிள்ளையும் தன் குரலால் தன் காதை நிரப்பிக்கொள்கிறான். விரல் வரியின் மீது இருக்கிறது. கண் அதே முஸ்ஹஃபின் அதே பக்கத்தில் இருக்கிறது. நாவு, காது, கண், விரல் நான்கும் ஒரே வேலையில் ஈடுபடும்போது, அடுத்தவரின் குரல்கள் கலந்து வெறும் இரைச்சலாகிவிடுகின்றன. வாய்விட்டுப் படித்தது மௌனமாகப் படித்ததைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்பதை ஆய்வாளர்களும் உறுதி செய்துள்ளனர். வகுப்பில் சத்தமாகப் படிக்க இயலாது. ஆனால் உதட்டளவில் சொல்லிக்கொள்ளலாம், விரலை வரியில் வைக்கலாம், கேட்டதைக் குறிப்பெடுக்கலாம். வேலை கொடுக்கப்பட்ட உறுப்பு அலைவதில்லை.

கடியாத ஆசான்

இடையூறு செய்யும் பிள்ளையை எப்படித் திருத்துவது? முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) அவர்கள் தம் அனுபவத்தையே அறிவிக்கிறார்கள். இஸ்லாத்திற்குப் புதியவரான அவர் ஜமாஅத்தில் தொழும்போது ஒருவர் தும்மினார். இவர் உரத்த குரலில் மறுமொழி கூறினார். எல்லோரும் இவரை உற்றுப் பார்த்தார்கள். இவர் பதறி மேலும் பேசினார். மற்றவர்கள் தொடையில் தட்டி அவரை மௌனமாக்கினார்கள். தொழுகை முடிந்தது. என்ன நடக்குமோ என்று அஞ்சியிருந்த அவரை நபி (ஸல்) அவர்கள் கடியவில்லை, அடிக்கவில்லை, ஏசவுமில்லை. தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை என்பதை மட்டும் மென்மையாக விளக்கினார்கள். அவர்களைவிடச் சிறந்த ஆசிரியரை முன்னரும் பின்னரும் தாம் கண்டதில்லை என்று அந்த ஸஹாபி வியந்து கூறுகிறார். இச்செய்தி முஸ்லிமில் உள்ளது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. எல்லோரும் உற்றுப் பார்த்ததால் அவருடைய பேச்சு குறையவில்லை, பதற்றத்தில் கூடியது. வகுப்பிலும் இதுவே நடக்கிறது. ஒருவன் பேசுகிறான், ஆசிரியர் "அமைதி!" என்று மேசையைத் தட்டி அதட்டுகிறார், நாற்பது பிள்ளைகளின் கவனமும் ஒருங்கே கலைகிறது. ஜும்ஆ குத்பாவின்போது அருகிலிருப்பவரை "மௌனமாக இரு" என்று சொல்வதும்கூட வீண்பேச்சே என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது நீங்கள் அறிந்ததே. சைகையால் உணர்த்தலாம் என்பது அறிஞர்கள் காட்டிய வழி. ஆசிரியப் பெருமக்கள் அருகில் சென்று நிற்கலாம். ஏட்டின் மீது விரலை வைத்துக் காட்டலாம். வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்துப் பேசலாம்.

மறதிக்கு ஒரு சஜ்தா

இப்போது பிள்ளைக்குக் கற்றுத் தரவேண்டிய முக்கியமான பாடத்திற்கு வருவோம். இடத்தை எவ்வளவு சீர்செய்தாலும் மனம் அலையத்தான் செய்யும். அலைந்துவிட்டது என்று தெரிந்தவுடன் பல பிள்ளைகள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "எனக்குக் கவனமே வராது" என்று மனம் தளர்ந்து பாடத்தையே விட்டுவிடுகிறார்கள்; அல்லது தொந்தரவு செய்தவன் மீது கோபம் கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டிலும் இழப்பு அவர்களுக்கே.

மார்க்கம் இதற்கு அழகிய முன்மாதிரியைத் தந்துள்ளது. ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் (ரலி) என்ற ஸஹாபி எழுந்து, தொழுகை குறைக்கப்பட்டுவிட்டதா, மறதியா என்று வினவினார். மற்றவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பெருமானார், விடுபட்டதைத் தொழுது நிறைவு செய்து, மறதிக்காக இரண்டு சஜ்தாக்கள் செய்தார்கள். சமுதாயத்திற்குச் சட்டம் கற்பிக்க அல்லாஹ் செய்த ஏற்பாடு அது. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது? மறந்தவன் தொழுகையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. தன்னையே நொந்துகொண்டிருக்கவும் வேண்டியதில்லை. விட்ட இடத்திற்குத் திரும்பு, நிறைவு செய், சஜ்தா செய்.

உங்கள் பிள்ளைக்கு இதையே சொல்லுங்கள். "கண்ணே, மனம் வெளியே போனது குற்றமில்லை. போனது தெரிந்ததும் திரும்பிவிடு. பத்து முறை போனால் பத்து முறை திரும்பு." கலையாமலேயே இருப்பவன் எவனுமில்லை. விரைவாகத் திரும்பக் கற்றவனையே நாம் கவனமுள்ளவன் என்கிறோம்.

திரும்புவதற்கு முன்கூட்டியே ஒரு வழியை முடிவு செய்து வைப்பது பெரிதும் உதவும். 'இன்னது நடந்தால் நான் இன்னது செய்வேன்' என்று தெளிவாகத் தீர்மானித்து வைப்போர் தம் எண்ணத்தைச் செயலாக்குவதில் முந்துகிறார்கள் என உளவியல் ஆய்வுகள் கூறுகின்றன. எடுத்துக்காட்டாக: 'பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டால், விரலை வரியில் வைப்பேன். மனம் படபடத்தால், மூன்று முறை மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெதுவாக விடுவேன். ஆசிரியர் சொன்னது விடுபட்டால், ஏட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்பேன். விடுபட்டதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்வேன்.' இவற்றை வீட்டிலேயே ஓரிருமுறை நடித்துப் பழகச் செய்யுங்கள்.

யானையைப் பார்க்கப் போகாத மாணவர்

மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஊருக்குள் யானை வந்திருப்பதாகச் செய்தி வந்தது. அரபு நாட்டில் யானை அரிய காட்சி. மாணவர்கள் எழுந்து ஓடினார்கள். ஒருவர் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். அவர் அந்தலுஸிலிருந்து வந்த யஹ்யா இப்னு யஹ்யா அல்லைஸீ (ரஹ்) அவர்கள். "நீர் ஏன் போகவில்லை?" என்று இமாமவர்கள் வினவ, தாம் ஊரைவிட்டு வந்தது யானையைப் பார்க்க அல்ல, தங்களிடம் கற்கவே என்ற கருத்தில் விடை கூறினார். அதைக் கேட்டு மகிழ்ந்த இமாமவர்கள் அவரை அந்தலுஸின் அறிவாளி என்று பாராட்டினார்கள். இமாமவர்களின் 'முவத்தா' நூலின் அறிவிப்புகளில் இன்று உலகெங்கும் மிகப் பரவலாக ஓதப்படுவது இவர் வழியாக வந்ததேயாகும்.

இந்த வரலாற்றைச் சொல்லிப் பிள்ளைகளைக் குத்திக்காட்டுகிறோம். ஆனால் அவரை அமர வைத்தது எது? கடல் கடந்து வந்ததன் நோக்கம் அவர் மனதில் தெளிவாக இருந்தது. நம் பிள்ளைக்கு அந்த நோக்கம் இருக்கிறதா? காலையில் புத்தகப் பையை மாட்டும்போது "இன்று எந்தப் பாடத்தில் எதைத் தெரிந்துகொண்டு வரப் போகிறாய்?" என்று கேளுங்கள். 'பின்னக் கணக்கில் வகுத்தல் எப்படி' என்று ஒரு சிறிய நிய்யத் போதும். எதையோ தேடிப் போகிறவன் வழியில் வேடிக்கை பார்ப்பது குறையும்.

அருகிலிருப்பவனின் உரிமை

நம் பிள்ளையின் கவனத்தைப் பிறர் கலைப்பது பற்றிக் கவலைப்படும் நாம், நம் பிள்ளை பிறர் கவனத்தைக் கலைப்பது பற்றிக் கவலைப்படுகிறோமா? பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது சிலர் சத்தமாக ஓதுவதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், திரையை விலக்கி, ஒருவருக்கொருவர் தொல்லை தராதீர்கள், ஓதலில் ஒருவர் மற்றவரைவிடக் குரலை உயர்த்தாதீர்கள் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள் என அபூதாவூதில் வருகிறது. புனிதக் குர்ஆனை ஓதுவதாலும் அடுத்தவரின் வணக்கம் கலையக் கூடாது என்றால், வெற்றுப் பேச்சால் அடுத்தவரின் கல்வியைக் கலைப்பது எவ்வளவு பெரிய உரிமை மீறல்!

கனடாவில் 2013-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், வகுப்பில் மடிக்கணினியில் வேறு வேலை பார்த்த மாணவர்கள் மதிப்பெண் இழந்தார்கள். அவர்களின் திரை கண்ணில் படும்படி அமர்ந்து, ஒழுங்காகப் பாடம் கேட்டவர்களும் இழந்தார்கள். அவர்கள் இழந்தது சுமார் 17 சதவீதப் புள்ளிகள்! கல்லூரிக்குப் போகும் நம் மகனும் மகளும் கைப்பேசியை மேசை மீது வைத்துத் தள்ளிக்கொண்டிருப்பது அவர்களின் சொந்த விஷயமன்று; பின்னால் இருப்பவரின் ஹக்கும் அதில் இருக்கிறது.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதலாவதாக, பிள்ளை எங்கே அமர்கிறான், அங்கிருந்து கரும்பலகை தெரிகிறதா, ஆசிரியரின் குரல் கேட்கிறதா என விசாரியுங்கள். கண்ணாடி தேவைப்படும் பிள்ளையும், காது மந்தமான பிள்ளையும் 'கவனமற்ற பிள்ளை' என்ற பெயரைச் சுமந்து திரிவதுண்டு. சன்னலோரம், கதவோரம், பேச்சுத் தோழன் ஆகியவற்றிலிருந்து இடம் மாற்றித் தருமாறு ஆசிரியரிடம் பணிவுடன் கேளுங்கள்.

இரண்டாவதாக, உறக்கத்தைக் காப்பாற்றுங்கள். 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேர உறக்கம் தேவை என மருத்துவர்கள் கூறுகின்றனர். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை வெறுத்த நபிவழி நம்மிடம் இருக்கிறது. கைப்பேசியோ நம் வீடுகளில் நள்ளிரவுவரை விழித்திருக்கிறது. பசியோடும் அனுப்பாதீர்கள். உணவு தயாராகக் காத்திருக்கும்போது தொழ வேண்டாம் என்ற வழிகாட்டலில், பசித்த மனம் நிலைக்காது என்ற உண்மையும் அடங்கியுள்ளது.

மூன்றாவதாக, வீட்டில் நாள்தோறும் இருபது நிமிடமாவது எல்லோரும் திரைகளை அணைத்துவிட்டு ஒன்றாக அமர்ந்து படியுங்கள். தந்தை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே மகனைப் படிக்கச் சொன்னால், மகன் தந்தையின் சொல்லை விட்டுச் செயலையே பின்பற்றுவான்.

நான்காவதாக, எல்லாம் செய்தும் பள்ளி, வீடு, விளையாட்டு என எல்லா இடத்திலும் ஆறு மாதத்திற்கு மேலாகப் பிள்ளை ஓரிடத்தில் நிலைக்க முடியாமல் தவித்தால், அடிக்காதீர்கள். குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். கவனக்குறைவு என்பது சில பிள்ளைகளுக்கு மருத்துவம் தேவைப்படும் நிலையாகவும் இருக்கக்கூடும். அதற்காக வெட்கப்படத் தேவையில்லை.

அன்பிற்குரியவர்களே! நம் பிள்ளை நமக்குக் கிடைத்த அமானிதம். அவனுடைய கவனம் ஒரு விளக்கின் சுடர் போன்றது. காற்றடிக்கும் வாசலில் விளக்கை வைத்துவிட்டு, "ஏன் ஆடுகிறாய்?" என்று சுடரை அதட்டுவதில் பயனில்லை. கதவைச் சாத்துவது பெரியவர்களின் பொறுப்பு. ஆடிய பின் நிமிர்ந்து நிற்பது பிள்ளை கற்கவேண்டிய பாடம். அடுத்தவர் விளக்கை ஊதாதிருப்பது எல்லோர் மீதும் கடமை.

அடுத்தமுறை 'வகுப்பில் கவனம் இல்லை' என்ற வாசகம் உங்கள் கைக்கு வந்தால், பிள்ளையைக் கடிவதற்கு முன் அந்தத் தாய் கேட்ட கேள்வியைக் கேளுங்கள்: "அவன் எந்த இடத்தில் உட்காருகிறான்?"

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நிலைத்த மனதையும் தந்தருள்வானாக! கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் வளர்க்கும் பெற்றோர்களுக்கும் மென்மையையும் பொறுமையையும் வழங்குவானாக! ஆமீன்.